காணாக்கடி

"காணாக்கடி" என்ற சொல்லை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கும். கடித்தது எறும்பா, பூரானா, எட்டுக்கால் பூச்சியா என்று யாருக்கும் தெரியாது. கடித்ததை எவரும் காணவில்லை. ஆகவே அது காணாக்கடி. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்தச் சொல்லில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அந்த நேர்மை எங்களிடம் இல்லாமற் போயிற்று. அதனால் எங்கள் தோழி ஒருத்தி துன்பப்பட்டாள். அவளுடைய சம்மதத்தைப் பெற்று, அவள் பெயரை விட்டுவிட்டு, இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

அது ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. இரண்டாவது பாடவேளை முடிவதற்குள் எங்கள் வகுப்பில் ஆறு பேர் கையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஆறு பேருக்கும் தடிப்பு. எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் மதிய உணவு மணி அடிப்பதற்குள் எங்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது! "போர்டிங்கில் சொறி பரவியிருக்கிறதாம்", "தொட்டால் ஒட்டுமாம்", "அவளிடமிருந்துதான் மற்றவர்களுக்கு வந்ததாம்." வதந்திக்கு இலக்கணமே இந்த 'ஆம்'தான் என்று எங்கள் தமிழாசிரியை சொல்வார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஆள் கிடைக்காது. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் நம்புவார்கள்.

அந்த ஆறு பேரில் ஐவர் தினமும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். ஒருத்தி மட்டும் போர்டிங் மாணவி. ஆகவே பழி அவள்மேல் விழுந்தது. யாரும் அவளை விலகி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டார்கள். அவள் தண்ணீர் கேட்டபோது புட்டியை நீட்ட ஒரு கை வரவில்லை. மறுநாள் அவளாகவே கடைசிப் பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். அவள் விருப்பப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆசிரியையும் நினைத்துவிட்டார்கள். அதற்கும் மறுநாள், அந்தப் புழுக்கத்தில், முழுக்கை ஸ்வெட்டர் அணிந்து வந்தாள். அப்போதாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சிக்ரூமில் நடந்தது வேறு. அங்கே இருக்கும் சிஸ்டர் முதல் நாளே ஆறு பேரையும் வரவழைத்தார்கள். கூட்டமாக நிற்க வைத்துப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக அழைத்து, எப்போது அரிக்கத் தொடங்கியது, உடம்பில் எந்தப் பக்கம், காய்ச்சல் உண்டா, நேற்று என்ன சாப்பிட்டாய், புதுச் சோப்பா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, வகுப்பில் எங்கே உட்காருகிறாய் என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒரு தாளில் எங்கள் வகுப்பின் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து ஆறு புள்ளிகள் வைத்தார்கள். ஐந்து புள்ளிகள் சன்னல் ஓரத்தில் ஒரே வரிசையாக விழுந்தன. ஐவருக்கும் தடிப்பு சன்னல் பக்கத்துக் கையிலும் கழுத்திலும்தான் இருந்தது. சிஸ்டர் வாட்ச்மேன் அண்ணனோடு சன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தார்கள். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முருங்கை மரம். அதன் அடிமரம் முழுவதும் கம்பளிப்பூச்சிகள் அடையாக அப்பிக் கிடந்தன. அவற்றின் நுண்ணிய மயிர் காற்றில் பறந்து சன்னல் வழியே வந்து தோலில் தைத்திருக்கிறது.

அப்புறம் எல்லாம் எளிதாக முடிந்தது. தேய்க்காமல், ஒட்டுகிற டேப்பை மெதுவாக வைத்து எடுத்து மயிரை அகற்றி, சோப்பால் கழுவி, காலமைன் தடவி அனுப்பினார்கள். இரண்டு நாளில் ஐவருக்கும் சுகமாகிவிட்டது. 'கம்பளிப்பூச்சி கோஷ்டி' என்று அவர்களுக்குப் பட்டம் சூட்டி நாங்கள் சிரித்தோம், அவர்களும் சிரித்தார்கள்.

ஆறாவது புள்ளி மட்டும் சுவர் ஓரத்தில் தனியே நின்றது. அது எங்கள் போர்டிங் தோழியுடையது. அவளுக்குக் கம்பளிப்பூச்சி காரணம் இல்லை. மாலையில் கையில் எழும்பும் தடிப்பு காலையில் மறைந்துவிடும். மறுபடி காலில் எழும்பும். போர்டிங்கில் அவளோடு படுக்கும் யாருக்கும் அப்படி இல்லை. காரணம் தெரிந்த ஐவரும் விடுதலை பெற்றார்கள். காரணம் தெரியாத ஒருத்தி மட்டும் குற்றவாளியாகவே இருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் சிஸ்டர் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தம் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊரில் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். எங்களைத் திட்டவில்லை. எழுந்து போகும்போது எங்களைப் பார்த்து, "இவளுக்கு என்னவென்று எனக்கும் இன்னும் தெரியவில்லை. தெரிகிறவரைக்கும் இவள் உங்கள் தோழி. தெரிந்த பிறகும் உங்கள் தோழிதான்" என்று மட்டும் சொன்னார்கள். எங்களில் பலர் அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

டாக்டர் பார்த்து, இது ஒவ்வாமைத் தடிப்பு, ஒட்டுவதில்லை, காரணம் பல சமயம் கடைசிவரை அகப்படுவதில்லை என்றார்கள். பத்து நாளில் அது வந்த வழியே போய்விட்டது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது. உண்மையான காணாக்கடி! அவள் இன்று எங்களோடு முதல் பெஞ்சில் உட்காருகிறாள். ஆனால் அந்த மூன்று நாட்களை எங்களால் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

இதை யோசிக்க யோசிக்க எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. தோலில் வரும் நோய் மற்ற நோய்களைப் போன்றதல்ல. வயிற்றுவலியை யாரும் பார்க்க முடியாது. தோலில் வருவதை உலகமே பார்க்கிறது. பார்த்தவுடன் ஒரு பெயரும் வைத்துவிடுகிறது. பெயர் வைத்தால் வெட்கம் வரும். வெட்கம் வந்தால் மறைக்கத் தோன்றும். எங்கள் தோழி ஸ்வெட்டரால் மறைத்தாள். தேர்வுக்கு வர முடியாமற் போகுமோ என்று பவுடர் பூசி மறைத்துக்கொண்டு வந்தவர்களையும் நாங்கள் அறிவோம். அப்படி மறைக்கப்பட்டது உண்மையிலேயே ஒட்டும் நோயாக இருந்தால் என்ன ஆகும்? மற்றவர்களைக் காப்பாற்றவென்று நாம் காட்டும் கடுமையே மற்றவர்களுக்கு நோயைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே, சிக்ரூமில் அன்பாக இருப்பது வேறு, பள்ளியை நோயிலிருந்து காப்பது வேறு என்று நாங்கள் நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

இது எங்கள் கற்பனை அன்று, வரலாறே சாட்சி. அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் 120 ஆண்டுகளுக்கு முன் டாக்டர்கள் வந்து பிள்ளைகளைச் சோதித்து, சொறி, படர்தாமரை, பேன், கண்நோய் இருப்பவர்களை ஒரு சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதோடு சரி. சீட்டைப் படிக்கத் தெரியாத ஏழைப் பெற்றோர் என்ன செய்வார்கள்? பிள்ளைகள் மருந்தும் இல்லாமல், படிப்பும் இல்லாமல் தெருவில் திரிந்தார்கள். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடி நோயைப் பரப்பவும் செய்தார்கள்! 1902 அக்டோபரில் லில்லியன் வால்டு என்ற அம்மையார், லீனா ராஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தார். லீனா பிள்ளைகளைத் துரத்தவில்லை. பள்ளியிலேயே கழுவி மருந்திட்டார். வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். சோதனை வெற்றி பெறவே மேலும் பல நர்ஸுகள் நியமிக்கப்பட்டார்கள். 1902 செப்டம்பரில் நோயின் பொருட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 பேர். அமெரிக்காவில் பள்ளி நர்ஸ் என்ற பணி வளர்ந்ததே இப்படித்தான். விரட்டியதால் குறையாத நோய், கவனித்ததால் குறைந்தது.

அதே அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு வேறொன்று நடந்தது. செப்டம்பர் 11-ஆம் தேதித் தாக்குதலும், அதன்பின் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளும் அந்த நாட்டை நடுங்க வைத்திருந்த வேளை. அக்டோபர் 4 முதல் ஒரு பள்ளிக்குப் பின் ஒரு பள்ளியாக, பிள்ளைகளுக்குக் கன்னத்திலும் கையிலும் வெயில் பட்டாற்போன்ற சிவப்பும் அரிப்பும் ஏற்பட்டன. 2002 ஜூன் மாதம் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்தபோது 27 மாநிலங்களிலிருந்து செய்தி வந்திருந்தது. நஞ்சு தூவிவிட்டார்களோ என்று பெற்றோர் பதறினார்கள். ஆராய்ந்து பார்த்ததில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே காரணம் அகப்படவில்லை. சில இடங்களில் கிருமி. சில இடங்களில் தோலை உறுத்தும் பொருள். பல இடங்களில் எதுவும் தெரியவில்லை. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் நாட்டில் எந்த நாளிலும் சிலருக்குத் தடிப்பு இருக்கத்தான் செய்யும். அச்சத்தில் இருக்கும்போது அது எல்லார் கண்ணிலும் படுகிறது என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். எங்கள் ஆறு பேருக்குள்ளேயே இரண்டு காரணங்கள் இருந்தனவே! ஒரே நாளில் வந்தது என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது. எல்லாம் பாசாங்கு என்று தள்ளிவிடவும் கூடாது. எல்லாம் கொள்ளைநோய் என்று அலறவும் கூடாது. ஒவ்வொருத்தியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அப்படியானால் காரணம் தெரியாத தடிப்போடு ஒரு மாணவி வந்தால் சிக்ரூமில் என்ன செய்ய வேண்டும்? எங்கள் சிஸ்டரிடமும் டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால், மூச்சு திணறினால், தடிப்போடு வாந்தியோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு ஊதா நிறப் புள்ளிகள் தோன்றி, கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் அதுவும் அவசரம். இவற்றில் 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது.

ஆபத்து இல்லையென்றால் அவசரமும் வேண்டாம். கேட்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பாதித் தடிப்புகள் தாமே உண்மையைச் சொல்லிவிடும். சின்னம்மையானால் கொப்புளமாகும், வேர்க்குரு காற்றாட இருந்தால் அடங்கும், ஒவ்வாமைத் தடிப்பு இடம் மாறும், சிரங்கு இரவில் அதிகமாக அரித்து, விரலிடுக்கில் தெரியும். இன்னொன்றும் சிஸ்டர் சொன்னார்கள். புத்தகங்களில் தடிப்பு சிவப்பாக இருக்கும் என்று போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. கருமையாகவோ பழுப்பாகவோதான் தெரியும். ஆகவே கண்ணால் மட்டும் பார்க்காமல், தொட்டுப் பார்த்து, சூடு இருக்கிறதா, மேடாக இருக்கிறதா என்று அறிய வேண்டும். 'சிவப்பே இல்லையே, நடிக்கிறாயா?' என்று கேட்டால் கறுத்த பிள்ளைக்கு அது இரட்டை அநியாயம் அல்லவா?

தெரியாத நோய்க்குத் தெரிந்த களிம்பைப் பூசக் கூடாது. கடையில் வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்திருக்கும். அதைப் படர்தாமரையின்மேல் தடவினால் அரிப்பு அடங்கினாற்போல் இருந்து, நோய் உள்ளுக்குள் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காது. இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. ஆயினும் நம் வீட்டு அலமாரிகளில் அவை இருக்கின்றன. சிவப்பழகுக்கென்று முகத்தில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் மன்னிக்க வேண்டும், உண்மையைத்தான் எழுதுகிறோம்.

'அப்படியானால் ஒட்டும் நோய் உள்ளவளையும் வகுப்பில் உட்கார வைக்கலாமா?' என்று பெற்றோர் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. கூடாது. சின்னம்மை வந்தவள் எல்லாக் கொப்புளமும் பொருக்காகும்வரை வீட்டில் இருக்க வேண்டும். தட்டம்மை வந்தவள் தடிப்பு தோன்றி நான்கு நாளாவது வரக் கூடாது. சிரங்கு உள்ளவளுக்கும், அவளோடு ஒரே அறையில் படுப்பவர்களுக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். இட்டபின் மறுநாளே அவள் பள்ளிக்கு வரலாம். இவை எல்லாம் நாள் கணக்கு உள்ள விலக்கு. எப்போது திரும்பி வரலாம் என்பது முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் எங்கள் தோழிக்குக் கொடுத்ததோ நாள் கணக்கு இல்லாத விலக்கு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

மறைக்கும் வழக்கம் பெரியவர்களிடமும் இருக்கிறது. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பது நம் முன்னோர் வழக்கம். இன்று சிலர் வேப்பிலையும் செருகுவதில்லை, பள்ளிக்கும் தெரிவிப்பதில்லை; 'சாதாரணக் காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறார்கள். பெரியம்மை ஒரு காலத்தில் எத்தனையோ வீடுகளை இருளாக்கியது. 1975-இல் இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது. 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எப்படி ஒழிந்தது? தடுப்பூசியால் மட்டுமா? எங்கே தடிப்பு என்று தேடிப்போய், மறைக்காமல் சொல்ல வைத்து, சுற்றியுள்ளவர்களுக்கு ஊசி போட்டதால் அல்லவா? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது நாங்கள் தொடக்க வகுப்புச் சிறுமியர். அப்போதும் 'ஆம்', 'ஆம்' என்று வதந்திகள் பறந்தன. பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் உண்டு. பேசாமல் மறைப்பதும் தீமை. அறியாமல் பேசுவதும் தீமை.

விவிலியத்தில் லேவியர் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தை மறைக்கல்வி வகுப்பில் படித்தபோது, தோலில் தழும்பு வந்தவனை ஊருக்கு வெளியே தள்ளும் கடுஞ்சட்டம் என்றே எங்களுக்குத் தோன்றியது. இந்த நிகழ்ச்சிக்குப் பின் மீண்டும் படித்தோம். அங்கே குரு பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. சந்தேகமானால் ஏழு நாள் பொறுத்து மறுபடி பார்க்கிறார். அப்போதும் தெளிவில்லையென்றால் இன்னும் ஏழு நாள். அடுத்த அதிகாரமோ, குணமானவனை எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்பதைக் கொண்டே தொடங்குகிறது. நாங்களோ ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. நம் ஆண்டவர் இயேசுவோ தொழுநோயாளியைக் குணமாக்குமுன் தொட்டார். தொட்டபின் குருவிடம் போய்க் காட்டு என்றும் சொன்னார். அன்பும் வேண்டும், சோதித்துப் பார்ப்பதும் வேண்டும் என்று அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம்.

நம் நாட்டில் எத்தனையோ பள்ளிகளில் நர்ஸ் கிடையாது. ஒரு முதலுதவிப் பெட்டியும், அதன் சாவியை வைத்திருக்கும் ஓர் ஆசிரியையும் மட்டுமே உண்டு. அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருகிறது. ஆனால் தடிப்பு அந்தக் குழு வரும் நாள் பார்த்து வருவதில்லையே! எங்கள் பள்ளியில் சிக்ரூமும் சிஸ்டரும் இருப்பது எங்கள் பாக்கியம். ஆயினும் மூன்று சிறிய வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கிறோம். போர்டிங்கிலும் சிக்ரூமில் இருப்பது போல் ஒரு திரையும் ஒரு நோட்டும் வேண்டும். ஒட்டும் நோய் ஒன்று பள்ளியில் கண்டுபிடிக்கப்பட்டால், மாணவியின் பெயரைச் சொல்லாமல், நோயின் பெயரையும் செய்ய வேண்டியதையும் மட்டும் எழுதி எல்லா வீடுகளுக்கும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். விலக்கி வைக்கப்பட்டவள் திரும்பி வரும் நாளில் வகுப்பாசிரியை அவளைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: மறைக்காமல் சொல்லுங்கள். தோழியரே, நம்மிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்றே: ஒருத்தியின் கையில் தடிப்பைக் கண்டால், 'ஆம்' போட்டுப் பேசாமல், அவளோடு சிக்ரூம் வரை துணையாக நடந்து போவோம். என்னவென்று கேட்டால், 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்வோம். அப்படிச் சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. படித்த டாக்டரே அன்று அப்படித்தான் சொன்னார்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அந்தத் தோழியிடமே படிக்கக் கொடுத்தோம். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த ஸ்வெட்டர் ரொம்பச் சூடு" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. அவளிடம் அன்று கேட்காத மன்னிப்பை இந்த ஆண்டு மலரில் எல்லார் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி